நெல்லைச் சீமையில் சோலார்காரர்களோடு

திங்கள், வண்ணார்பேட்டை

மதுரையில் சோலார் டிசைன் போடுவது என் வேலை. கூரையின் அளவும் நாலு படமும் போனில் வரும். கம்ப்யூட்டரில் பேனலை அடுக்கி அனுப்பிவிடுவேன். அந்தப் படத்தைக் கையில் வாங்கி மாடி ஏறுகிறவர்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள், எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று பார்க்க வெகுநாள் ஆசை. லீவு கிடைத்தது. ஆனி மாதக் காற்றோடு திருநெல்வேலியில் வந்து இறங்கியாயிற்று. அல்வா பற்றி எழுதப் போவதில்லை, எதிர்பார்க்காதீர்கள்.

சோலார்காரர்களைப் பார்க்க வேண்டுமென்றால் காலை எட்டரைக்கு ஏதாவது ஒரு சாமான் கடை வாசலுக்குப் போக வேண்டும். இன்று நான் நின்ற கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். கேபிள் வாங்க வந்தவர், பேனல் கேபிள்களை இணைக்கும் எம்.சி.ஃபோர் கனெக்டர் ஒரு ஜோடி குறைந்ததால் பாதி வேலையில் ஓடி வந்தவர், பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வர்ட்டரை வாரன்ட்டிக்காக பைக்கில் கட்டிக்கொண்டு வந்தவர். எல்லாரும் ஒரே ஊரில் ஒரே வீட்டுக்காரரின் வேலைக்குப் போட்டி போடுகிறவர்கள். ஆனாலும் கேபிள் முனையில் கனெக்டரை நசுக்கிப் பொருத்தும் கிரிம்பிங் டூலை ஒருவரிடமிருந்து இன்னொருவர் உரிமையோடு கேட்டு வாங்கிப் போகிறார்.

கடை அண்ணாச்சி எந்தக் கூரையிலும் ஏறுவதில்லை. ஆனால் மாவட்டத்தில் எங்கே என்ன கெட்டுப்போகிறது என்று அவருக்குத்தான் முதலில் தெரிகிறது. "இடி இடிச்ச மறுநாள் எஸ்.பி.டி. கேட்டு ஆள் வந்துரும். சித்திரையிலயும் ஐப்பசியிலயும் அதுதான் ஓட்டம். எந்த ஊர்க்காரன் அடிக்கடி வாரான்னு பாத்தாலே எங்கன எர்த்திங் சரியில்லன்னு தெரிஞ்சு போவும்" என்றார். எஸ்.பி.டி. என்பது மின்னல் அடிக்கும்போது லைனில் பாயும் அதிக வோல்ட்டைத் தரைக்குத் தள்ளிவிடும் சின்னச் சாதனம். தரைக்குப் போகும் வழி ஒழுங்காக இருந்தால்தான் அது வேலை செய்யும். ஆனால் கவுண்ட்டரில் நின்று "என் எர்த்திங் சரியில்லை" என்று யாரும் சொல்வதில்லையாம். "இன்வர்ட்டர் போயிட்டு அண்ணாச்சி" என்றுதான் சொல்வார்களாம்.

போனிலும் இதே கதைதான். வாட்ஸாப் குரூப்பில் இவர்கள் எழுதுவதே இல்லை, எல்லாம் வாய்ஸ். மொட்டைமாடி வெயிலில் ஸ்க்ரீன் தெரியாது, கையில் வேறு ஸ்பேனர். இன்வர்ட்டரின் முகத்தை ஒரு படம் எடுத்துப் போட்டு, கீழே பதினைந்து விநாடிப் பேச்சு. இன்று காலை என் கண்ணெதிரே ஒன்று வந்தது. "அண்ணாச்சி, ஐசோ அடிக்குது, என்ன செய்யட்டும்?" பதில் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிட்டது. "காலையில மட்டுமா, நாள் பூராவுமா?" கேள்வியிலேயே பாதி வைத்தியம் இருக்கிறது. பேனல் லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே மின்சாரம் கசிகிறது என்பதைத்தான் ஐசோ என்கிறார்கள். காலையில் மட்டும் வந்து வெயில் ஏறியதும் போய்விட்டால், கனெக்டரில் ஈரம் இறங்குகிறது. நாள் முழுக்க நின்றால் எங்கோ கேபிள் தோல் கிழிந்திருக்கிறது. இதை எந்தக் கம்பெனிக் கையேடும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லி நான் படித்ததில்லை.

விலை பேச்சு மட்டும் வேறு மாதிரி. பேனல் இன்று வாட்டுக்கு என்ன ரேட் என்று எல்லாரும் சத்தமாகவே பேசுகிறார்கள். வீட்டுக்காரருக்கு என்ன கொட்டேஷன் கொடுத்தோம் என்பதை மட்டும் ஒருவரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. மத்திய அரசின் சூர்யகர் திட்டத்தில் 2024 முதல் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்பது இப்போது எல்லா வீட்டுக்கும் தெரியும். "மானியம் போக எவ்வளவு?" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கிறது. அந்த மானியத்துக்கு டி.சி.ஆர். பேனல் வேண்டும், அதாவது உள்ளே இருக்கும் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். விலை கூடுதல். அதனால் பேனலின் சீரியல் நம்பரைச் சரிபார்ப்பது எப்படி என்று சொல்லிக் கொடுக்க மட்டும் போட்டியாளர்களுக்குள் தாராளம் உண்டு. ஒருவர் ஏமாந்தால் ஊர் முழுக்கச் சோலாருக்கே கெட்ட பெயர் என்ற பயம்தான் காரணம்.

செவ்வாய், பாளையங்கோட்டை, அப்புறம் சேரன்மகாதேவிப் பக்கம்

இன்று முழுக்க ஒரு பாளையங்கோட்டை அண்ணாச்சியோடு. ஐ.டி.ஐ. எலெக்ட்ரீஷியன் படித்து, வீட்டு வயரிங் பார்த்து, பிறகு சோலாருக்கு வந்தவர். கூட இரண்டு தம்பிகள்.

முதல் மாடியிலேயே எனக்கு ஒரு பாடம் நடந்தது. தண்ணீர்த் தொட்டிக்குத் தெற்கே பேனல் வைத்திருந்தார்கள், வேறு யாரோ முன்பு செய்த வேலை. தெற்கே வைத்தால் நிழல் விழாது என்பது வழக்கமான கணக்கு. ஆனால் திருநெல்வேலி இருப்பது 8.7 பாகை அட்சத்தில். சித்திரை பிறக்கும் சமயத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். அதற்கப்புறம் ஆவணி நடு வரை உச்சிவேளையில் அது நமக்கு வடக்கே நிற்கும். இந்த ஆனியில் ஏறக்குறைய 15 பாகை வடக்கு. பேனல் மட்டத்துக்கு மேலே இரண்டு மீட்டர் உயர்ந்த தொட்டி என்றால், நடுப்பகலிலேயே அரை மீட்டர் நிழல் தெற்கே விழும். போய்ப் பார்த்தோம். மேல் வரிசைப் பேனலின் ஓரத்தில் நிழல் அழகாகப் படுத்திருந்தது. பேனல்கள் வரிசையாகக் கோத்திருப்பதால், ஒன்றின் ஓரம் மறைந்தாலும் அந்த வரிசைக்கே நட்டம்.

"வடக்க இருந்து வார படத்துல ஆனி மாசமே கிடையாது தம்பி" என்றார் அண்ணாச்சி. உண்மைதான். டெல்லியில் சூரியன் எந்த மாதமும் உச்சியைத் தாண்டி வடக்கே போவதில்லை. மென்பொருள் இதைச் சொல்லும், தொட்டியின் உயரத்தை நாம் கொடுத்தால். உயரத்தை அளந்து அனுப்புகிறவர்தான் அபூர்வம். இவர் ஒரு வழி வைத்திருக்கிறார். ஆனியிலும் மார்கழியிலும் காலை ஒன்பது, நண்பகல், மூன்று மணி என்று மாடியைச் சுற்றி வீடியோ எடுத்து, 'ஆனி நிழல்', 'மார்கழி நிழல்' என்று பெயர் போட்டு டிசைன்காரருக்கு அனுப்பிவிடுகிறார். புதிதாக வருகிற பையன்களுக்கும் அதையே காட்டுகிறார். என் மேஜைக்கு இப்படி ஒன்று வந்தால் பாதி வேலை மிச்சம்.

பிற்பகல் சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வாழைத்தோட்டங்களுக்கு நடுவே ஒரே தெரு, அதில் மூன்று வீட்டில் சோலார். மூன்றையும் போட்டது மூன்று வேறு ஆட்கள். கடைசி வீட்டு இன்வர்ட்டர் தினமும் பதினோரு மணிக்கு நின்று, மூன்று மணிக்குத் தானாக எழுந்துகொள்கிறதாம். வீட்டுக்காரர் போட்டவரை ஏச, அவர் கம்பெனிக்குப் போன் அடிக்க, கம்பெனி இன்வர்ட்டரையே மாற்றிக் கொடுத்திருக்கிறது. மாற்றியும் அதே கதை.

அண்ணாச்சி போட்டது நடுவீடு. இந்தப் பஞ்சாயத்துக்கு அவரைக் கூப்பிட்டதே கடைசி வீட்டைப் போட்ட போட்டிக்காரர்தான். இருவரும் வந்ததும் முதலில் இளநீர் குடித்தார்கள். பிறகு மீட்டரை வைத்துப் பார்த்தார்கள். வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ட், அங்கே 260ஐத் தாண்டி நிற்கிறது. பகலில் தெருவில் செலவு குறைவு. மூன்று வீடும் மின்சாரத்தை வெளியே தள்ளுகின்றன. தள்ளத் தள்ள வோல்ட் ஏறுகிறது, டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளியிருக்கும் வீட்டில்தான் அதிகம் ஏறுகிறது. ஒரு எல்லைக்கு மேல் போனால் இன்வர்ட்டர் தன்னைத்தானே கழற்றிக்கொள்ளும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். மெஷினில் கோளாறே இல்லை.

லைன்மேன் வந்தார். கம்பத்தைப் பார்த்துவிட்டு, "மூணு வீடும் ஒரே பேஸ்லலா கெடக்கு" என்றார். தெருவில் மின்சாரம் கொண்டுவரும் மூன்று கம்பிகளில் ஒவ்வொன்றும் ஒரு பேஸ். முறைப்படி சப்ளையை நிறுத்தி, ஒரு வீட்டை அடுத்த பேஸுக்கு மாற்றிக் கட்டினார்கள். மறுபடி அளந்தபோது வோல்ட் இறங்கியிருந்தது, இன்வர்ட்டர் ஓடியது. மூன்று சோலார்காரரும் தனித்தனியாக இருந்தவரை யாருக்கும் தெருவின் முழுப் படம் தெரியவில்லை. தெரிந்த ஒரே ஆள் லைன்மேன். அவர் எந்தக் குரூப்பிலும் இல்லை. சேர்க்கலாமே என்று கேட்டேன். "அவரச் சேத்தா அப்புறம் அவர் போன் அடங்காது, பாவம்" என்றார் அண்ணாச்சி. எனக்கு அந்தப் பதில் திருப்தியில்லை. மாதம் ஒருமுறை நேரில் உட்கார்ந்து பேசலாமே.

புதன், கங்கைகொண்டான்

ஜங்ஷனிலிருந்து வடக்கே, மதுரை சாலையில். இங்குள்ள சிப்காட்டில் டாடா பவரின் சோலார் செல், மாட்யூல், அதாவது பேனல், ஆலை இருக்கிறது. ஆண்டுக்கு 4.3 கிகாவாட் திறன், முறையான திறப்பு விழா 2025 பிப்ரவரியில் நடந்தது. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் சாலையோரம் நின்றால் சீருடையில் இறங்கி ஏறுகிறவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். உள்ளே போக அனுமதி கேட்கவில்லை. எனக்கு வேறு வேலை இருந்தது.

பாளையங்கோட்டை அண்ணாச்சியின் கொழுந்தியா மகள் இந்த வட்டாரத்தில் பேனல் செய்யும் வேலையில் இருக்கிறாள் என்று நேற்று பேச்சுவாக்கில் தெரிந்தது. "அவகிட்ட பேனல் பத்திப் பேசிருக்கீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டதற்கு, "அவகிட்ட என்னத்தப் பேச, சின்னப்பிள்ள" என்றார். பொங்கலுக்கு ஒரே வீட்டில் சாப்பிடுகிறவர்கள். ஒருத்தி செய்கிறாள், ஒருவர் மாட்டுகிறார், நடுவே ஒரு வார்த்தை கிடையாது. அதனால் இன்று அவரையும் இழுத்துக்கொண்டு வந்தேன். ஷிஃப்ட் முடிந்து அந்தப் பெண் டீக்கடைக்கு வந்தாள்.

அவள் பார்ப்பது ஈ.எல். படம். பேனலுக்கு மின்சாரம் கொடுத்து, இருட்டில் சிறப்புக் கேமராவால் எடுத்தால், நல்ல செல் ஒளிரும், கீறல் விழுந்த இடம் கறுப்பாகத் தெரியும். கண்ணாடி ஒட்டும் முன்பு ஒருமுறை, ஒட்டிய பின்பு ஒருமுறை. செல்லின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குதான் என்று விரல் நுனியைக் காட்டிச் சொன்னாள். மயிரிழைக் கீறல் இருந்தாலே தனியே எடுத்து வைத்துவிடுவார்களாம். அண்ணாச்சி ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

திடீரென்று அவள் கேட்டாள்: "பெரியப்பா, நீங்க மாட்டும்போது பேனல் மேல ஏறி நடப்பீங்களா?"

அண்ணாச்சி டீயைக் குடித்தார். கூட வந்த தம்பி சிரித்துவிட்டான். "ஓரத்துல, ஃபிரேம் மேல கால வச்சு…" என்று இழுத்தார். "ஃபிரேம்னாலும் நடுவுல வளையும்லா பெரியப்பா. கண்ணாடி உடையாது, உள்ள செல்லு கீறிரும். அன்னிக்கு ஒண்ணும் தெரியாது. வெயிலும் குளிரும் மாறி மாறி பட்டு கீறல் நீளும்." சத்தம் போடாமல், பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்.

இந்த வாரம் நான் கேட்ட பேச்சுகளிலேயே உருப்படியானது இதுதான். இன்வர்ட்டர் செய்த தப்பைப் பற்றி இந்த ஆட்கள் நள்ளிரவிலும் பேசத் தயார். தன் கால் செய்த தப்பை யாரும் எடுப்பதில்லை. குரூப்பில் எடுத்தால் நாளைக்குப் போட்டியாளர் அதையே வீட்டுக்காரரிடம் சொல்லி வேலையைப் பிடித்துவிடுவார் என்ற பயம். அந்தப் பயம் நியாயமானதும்கூட. சொந்தக்காரப் பெண் கேட்டதால் கோபப்படவும் முடியவில்லை, மழுப்பவும் முடியவில்லை.

திரும்பும்போது அண்ணாச்சி தம்பியிடம், "ஏல, அந்த நீளப் பலகை ரெண்டு குடோன்ல கெடக்கு பாரு, நாளைக்கு வண்டியில போடு" என்றார்.

வியாழன், அம்பாசமுத்திரம்

சாரல். வேலை இல்லை. மேற்கே மலை முழுக்க மேகம். பாபநாசத்தில் 1940களிலிருந்து தாமிரபரணித் தண்ணீரில் மின்சாரம் எடுக்கிறார்கள். இன்று அந்தப் பக்கம்தான் நல்ல நாள், சோலாருக்கு இல்லை. மேகம் விலகும் ஓரிரு நிமிடங்களில் மட்டும் இன்வர்ட்டர் சட்டென்று எகிறும். மேக ஓரத்து வெளிச்சமும் நேர்வெயிலும் சேர்ந்து விழுவதால் அப்படி.

டீக்கடையில் சந்தித்த ஒருவர் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் வெள்ளத்தைப் பற்றிச் சொன்னார். கரண்ட் போய், டவர் போய், எங்கேயாவது சிக்னல் கிடைத்த இடத்திலிருந்து ஒரே வாய்ஸைத்தான் எல்லாரும் மாற்றி மாற்றி அனுப்பினார்களாம்: தண்ணீர் புகுந்த வீட்டில் சோலார் லைனைத் தொடாதே. மெயினை அணைத்தால் இன்வர்ட்டர் நிற்கும், பேனல் நிற்காது. வெளிச்சம் இருக்கும் வரை மாடியிலிருந்து இறங்கும் டி.சி. கேபிளில் வோல்ட் இருக்கும். சாதாரண ஆறு பேனல் வீட்டிலேயே ஏறக்குறைய 300 வோல்ட். வீட்டுக்காரருக்கு இது தெரியாது, தீயணைப்பு வீரருக்கும் தெரிந்திருக்க வேண்டுமென்பதில்லை. யார் போட்ட வேலை என்று பார்க்காமல், தண்ணீர் வடிந்த தெருக்களில் போய் டி.சி. சுவிட்சைத் தனித்தனியாகக் கழற்றிக் கொடுத்திருக்கிறார்கள். காசு வாங்கினீர்களா என்று கேட்டேன். ஒரு மாதிரி பார்த்தார், அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன்.

வெள்ளி, பணகுடி, ராதாபுரம், திசையன்விளை

வள்ளியூர் தாண்டியதும் காற்று வண்டியைத் தள்ளுகிறது. பணகுடியிலிருந்து தெற்கே காற்றாலைகள் மேல் காற்றாலைகள். 1986இல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காட்டில் ஆரம்பித்த தொழில் இது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்றை நம்பி இங்கே வந்து நிலைத்துவிட்டது. இப்போது காற்றாலைகளுக்கு நடுவிலேயே பேனல்களும் வருகின்றன. இறக்கையின் நிழல் பேனல் மேல் ஓடுவதைப் பார்க்க வேடிக்கை, உற்பத்தியைக் கவனிக்கிறவருக்கு வேடிக்கையில்லை.

இந்தப் பெரிய நிலையங்களில் பேச்சு வேறு வகை. நாளைக்கு எவ்வளவு மின்சாரம் தருவோம் என்று முதல்நாளே 15 நிமிடத் துண்டுகளாக, நாளொன்றுக்கு 96 துண்டுகளாக, சொல்லிவிட வேண்டும். அளவுக்கு மேல் பிசகினால் கட்டணம். எல்லாம் எண். ஆனால் ராதாபுரம் பக்கம் ஒரு சோலார் சைட் இன்சார்ஜ் சொன்னார், மேற்கே மலையில் மேகம் திரண்டால் அங்கேயிருக்கும் காற்றாலை ஆட்கள் இவருக்குப் போன் பண்ணிவிடுவார்களாம். இவர் அதைக் கணிப்புப் பார்க்கும் ஆளுக்குச் சொல்வார். சாட்டிலைட் படம் இருக்கிறதே என்றேன். "அது இருக்கு சார். ஆனா காத்தாலைக்காரன் இருவது வருசமா அந்த மலையப் பாக்கான்லா."

திசையன்விளைப் பக்கம் தேரி மண். சிவப்புத் தூசி ஆனி, ஆடி முழுக்கப் பேனலில் படிகிறது. கழுவுவதற்குத் தண்ணீர் லாரி வேண்டும். கழுவுகிற பெண்கள் உள்ளூர்க்காரர்கள், ஒப்பந்தக்கூலி. எந்த வரிசையில் கண்ணாடி உடைந்திருக்கிறது, எந்தக் கேபிளை அணில் கடித்திருக்கிறது என்பதெல்லாம் அவர்கள் கண்ணில்தான் முதலில் படுகிறது. ஒரு அம்மா என்னிடமே ஒன்றைக் காட்டினார். சூப்பர்வைசரிடம் சொன்னீர்களா என்றேன். "கேட்டா சொல்லுவோம், யாரு கேக்கா?" என்றார். சைட் இன்சார்ஜிடம் இதைச் சொன்னேன். வரிசை எண்ணை, பேனல்களைத் தாங்கும் ஒவ்வொரு சட்டத்திலும் பெயிண்டில் எழுதிவிட்டால் அவர்கள் போனிலேயே சொல்லிவிடலாம் என்றார். ஏன் இன்னும் எழுதவில்லை என்று நான் கேட்கவில்லை, அவருக்கே அந்தக் கேள்வி தோன்றியது முகத்தில் தெரிந்தது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பாளையங்கோட்டை அண்ணாச்சியின் போன். புதன்கிழமை அந்தப் பெண் சொன்னதை அவளையே பேச வைத்து, குரூப்பில் போட்டிருக்கிறார், தன் மாடியில் பலகை போட்டு வேலை செய்யும் படத்தோடு. பதில்களில் பெரும்பாலானவை "நாங்க எப்பவும் நடக்கிறதில்ல" ரகம். அப்புறம் களக்காட்டுப் பையன் ஒருவன் குரூப்பிலேயே, எல்லாரும் பார்க்க, கேட்டானாம்: "ஏற்கெனவே நடந்துட்டோம்னா எப்படிக் கண்டுபிடிக்க?" வெயில் நேரத்தில் தெர்மல் கேமராவால் பார்த்தால், மோசமாகக் கீறின செல் சூடாகத் தெரிய வாய்ப்பு உண்டு என்று யாரோ சொல்ல, அது யாரிடம் இருக்கிறது என்று தேட ஆரம்பித்துவிட்டார்கள். சேரன்மகாதேவியில் இன்வர்ட்டர் மாற்றி அலைந்தாரே, அந்தப் போட்டிக்காரரிடம் ஒன்று இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை களக்காட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிறார்கள், நாலு பேர் சேர்ந்து.